பெரிய தொகையைத் தேர்ந்தெடுத்தவர்

ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு? அதை விலைகொடுத்து வாங்கி அனுப்பியவருக்கா, வழியில் நிறுத்தித் தீர்வை கேட்கும் அரசுக்கா, பணம் கட்டி மீட்டுப்போக வந்தவருக்கா, அல்லது தினமும் அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கா?

பொருளியல் படித்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து மீட்டுத்தரும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில், ஒரு கோடைக்கால முற்பகலில் அது என் மேசைக்கு எதிரே வந்து நின்றது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் கட்டடத்தின் உரிமையாளர் தணிகாசலம்.

அவர் கையில் நான் அச்சிட்டுக் கொடுத்த தாள் இருந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் குமரன் விமானத்தில் அனுப்பியிருந்த ஒரு பெட்டிக்கு எவ்வளவு சுங்கத் தீர்வையும் வரியும் வரும் என்ற மதிப்பீடு அது. பெட்டி ஒன்றுதான், மதிப்பீடுகள் இரண்டு. உள்ளே இருப்பதை ஒரு பெயரால் சொன்னால் சிறிய தொகை. இன்னொரு பெயரால் சொன்னால் அதைப்போலப் பல மடங்கு.

கீழே கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு எங்கள் தரைவரை வரும். தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு என் பேனாவை எடுத்துப் பெரிய தொகைக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

"இத்தயே போட்டுடும்மா."

"சார், இது பெருசு. சரியான பேர் போட்டா இவ்ளோ கட்டவே தேவையில்ல."

"பணம் போனா போவுது, நா கட்டிக்கிறேன். அந்தப் பேரு மட்டும் எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது."

அந்தப் பேர், சக்கர நாற்காலி.

பெயரும் விகிதமும்

என் வேலையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன்பு இதே பத்தியில் எழுதியபோது, "வரியைக் கணக்கிட எதற்கு ஓர் ஆள்? கணினி போதாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கூட்டலும் பெருக்கலும் கணினியே செய்கிறது. பொருளின் விலை, அதை ஏற்றிவந்த கட்டணம், காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்தால் மதிப்பு. அதன்மேல் அடிப்படைத் தீர்வை. தீர்வையின்மேல் ஒரு கூடுதல் வரி. இவை அனைத்தும் சேர்ந்த தொகையின்மேல் சரக்கு மற்றும் சேவை வரி. படிக்கட்டு ஏறுவது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கணக்கு.

கணினியால் செய்ய முடியாத வேலை, முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது எது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விகிதம். பெயர் தவறினால், அதன்பின் வரும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

மதிப்பைச் சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. பம்மலில் செருப்பு அடிப்பாகம் செய்யும் ஒருவருக்கு ஒருமுறை தைவானிலிருந்து மாதிரிகள் வந்தன. பில்லில் விலை இல்லை, இலவசம் என்று எழுதியிருந்தது. அதை எங்கள் மேசைமேல் விரித்துவைத்து, "ஃப்ரீன்னே போட்டிருக்கு பாய், அப்புறம் எதுக்கு டூட்டி?" என்று அவர் வாதாடினார்.

எங்கள் முதலாளி நூர் முகமதும் பம்மல்காரர்தான். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "உங்களுக்கு ஃப்ரீ பாய். கவர்மென்ட்டுக்கு எவன் ஃப்ரீயா குடுத்தான்?"

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை ஏதாவது அனுப்பப் போகிறது என்றால், முகவரியோடு ஒரு குறிப்பும் சேர்ந்து போகும்: 'பில்லுல கம்மியா போட்டுடு.' அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. துணிமணிகளுக்கு நடுவே கண்ணாடிச் சாமானைப் பொதிந்து அனுப்புவதைப் போல, அதுவும் அக்கறையின் ஒரு பகுதி. சுங்கத்தில் அமர்ந்திருப்பவரும் இணையத்தில் விலையைப் பார்க்க முடியும் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் நினைவு வராது.

குமரன் இந்த வழக்கத்தைப் பின்பற்றியதோடு நிற்கவில்லை. மதிப்பைக் குறைத்து எழுதினார். பெயரையும் மாற்றி, 'எலக்ட்ரிக் ஸ்கூட்டர், அன்பளிப்பு' என்று எழுதினார். இரண்டும் தந்தையின் சொற்படி. அந்தப் பொருளில் மோட்டார் இருந்தது, பேட்டரி இருந்தது, சக்கரங்கள் இருந்தன, திருப்புவதற்குக் கைக்கோல் இருந்தது. ஆகவே ஸ்கூட்டர் என்பது பெரிய பொய்யாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

சுங்கத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த மாடலின் உண்மை விலை பில்லில் இருப்பதைவிட மிக அதிகம் என்றும், ஸ்கூட்டர் என்றால் இந்தியச் சாலைக்கு ஏற்றது என்ற சான்று வேண்டும் என்றும் கேள்வி வந்தது. அதன் பிறகுதான் தணிகாசலம் மாடிப்படி ஏறி எங்களிடம் வந்தார். மாடல் எண்ணைக் கணினியில் தேடியபோது படம் வந்தது.

"சார், இது வீல்சேர் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் முதலில் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் தலையசைத்தார்.

அட்டவணையில் ஒரு வரி

இங்கே கொஞ்சம் விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது.

எம்.ஏ. முடித்ததும் நான் விரும்பிச் சேர்ந்தது வேறொரு வேலை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் முதியோருக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு அமைப்பில் இருந்தேன். அமைப்புக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது, அமைப்பும் நின்றது. வீட்டு நிலைமை காத்திருக்க விடவில்லை. கிளியரிங் அலுவலகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன்.

முதல் சில மாதங்கள், திசைமாறி எங்கோ வந்துவிட்டதாகவே நினைத்தேன். சமூகத்துக்குப் பயன்படும் வேலை அங்கே இருக்கிறது, நான் இங்கே பொத்தானுக்கும் பிசினுக்கும் விகிதம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்ற மனக்குறை.

அந்தக் குறையை மாற்றியது தீர்வை அட்டவணைதான். பொறுமையாக வாசித்தால், ஒரு நாடு எதை அஞ்சுகிறது, எதைக் காக்க விரும்புகிறது, யாரிடம் இரக்கம் கொள்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். வாசனைத் திரவியத்துக்கு ஒரு விகிதம், வாகனத்துக்கு அதைவிடக் கடுமையான விகிதம். கீழே வந்தால், நடக்க இயலாதவர்களுக்கான வண்டிகள் என்று ஒரு வரி. அதற்கு மிகச் சிறிய விகிதம். யாரோ ஒருவர் எப்போதோ ஏதோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, இவர்களிடம் அதிகம் வாங்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

தணிகாசலம் வேண்டாம் என்று தள்ளியது அந்த வரியை.

கை நனைக்க வருகிறவர்கள்

நூர் முகமது சார் மாடியேறி வந்தபோது நானும் தணிகாசலமும் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம்.

"இன்னா பாய், ஒன் ஸ்டாஃபு என்னாண்டயே லா பாயிண்டு பேசுது."

"பேசட்டும் ஓனர், அதுக்குத்தான் சம்பளம். நீங்க வாடகைய கொறச்சா இன்னும் நல்லா பேச வைப்பேன்."

தணிகாசலம் சிரித்தார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை. ஸ்கூட்டர் என்ற பெயரிலேயே எடுத்துத் தரச் சொல்லி மறுபடியும் கேட்டார். சார் நிதானமாக விளக்கினார். ஸ்கூட்டர் என்றால் பணம் மட்டும் போதாது. வாகனச் சான்று வேண்டும். வாகனமே அல்லாத ஒன்றுக்கு அந்தச் சான்றை எவரும் தர மாட்டார்கள். பெட்டி அங்கேயே கிடக்கும். கிடங்கு வாடகை ஏறும். கடைசியில் திருப்பி அனுப்பலாம், பறிமுதலும் செய்யலாம்.

"அப்ப வேற பேரு போடு பாய். சேருன்னு போடு. எக்ஸர்சைஸ் மிஷினுன்னு போடு."

"பொட்டிய தொறந்து பாப்பாங்க ஓனர்."

"பாத்தா பாக்கட்டும். அவங்க இன்னா ராஜகீழ்ப்பாக்கத்துலயா குடிகீறாங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சுங்கத்துக்கு அஞ்சவில்லை. தம் தெருவுக்கு அஞ்சினார். பெட்டியோடு வீடுவரை வரும் தாளில் அந்தப் பெயரைத் தெருவில் ஒருவர் படித்துவிட்டால் போதும்.

தணிகாசலத்தின் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பங்களுள் ஒன்று. இன்றைக்குக் கடைகள் நிற்கும் இடத்தில் அவர்கள் நெல் விளைவித்திருக்கிறார்கள். மூத்த மகள் வளர்மதி, கணிதத்தில் முதுகலையும் பி.எட்.டும் படித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய கால் நரம்புகளைப் பாதித்துவிட்டுப் போனது. பரம்பரை நோய் அல்ல. ஆயினும் கேட்பவர்களுக்கு "கால்வலி" என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள்.

"பையனுக்குக் கோவிலம்பாக்கத்துல பொண்ணு பாத்துக்கீது. அடுத்த மாசம் வந்து கை நனைக்கிறோம்னு சொல்லிக்கீறாங்க," என்றார் தணிகாசலம்.

சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் இங்கே சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதுவரை தண்ணீரும் காப்பியும் மட்டுமே.

"பரம்பரை இல்லன்னு டாக்டரே சொல்லியிருக்காரே சார். அவங்ககிட்ட சொல்லலாமே?"

"டாக்டர் சொன்னத யாரும்மா கேக்கப் போறா? சேர பாத்தா போதும், அவங்களே ஒண்ண நெனச்சிக்குவாங்க."

அவர் சொன்னது தவறு என்று நான் இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லைத் தாளில் எழுதுவதால் மகனின் திருமணம் நிற்கலாம். எழுதாவிட்டால் மகள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். இரண்டும் அவருடைய பிள்ளைகள்.

ஆனால் ஒரு தடை இருந்தது. குமரன் பெட்டியை அக்காவின் பெயருக்கு அனுப்பியிருந்தார். திருத்தமோ விளக்கமோ எதுவானாலும் வளர்மதியின் கையெழுத்து வேண்டும்.

"நானே போட்டுத் தரேன்," என்றார் தணிகாசலம்.

"அது மட்டும் வேணாம் ஓனர்," என்றார் சார். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது.

சுவரில் ஒரு கோடு

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் முடிவில் அவர்கள் வீடு. தாள்களை எடுத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். தணிகாசலம் பின்னால் வந்தார்.

கூடத்தில் முதலில் என் கண்ணில் பட்டது சுவர். படுக்கையறைக் கதவிலிருந்து சமையலறைவரை, இடுப்பளவு உயரத்தில், வெளிர்பச்சை வண்ணம் தேய்ந்து ஒரு கோடு ஓடியது. உள்ளங்கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்தது. பெயிண்ட் கடைக்கே இடம் வாடகைக்கு விட்டிருப்பவரின் வீட்டில், அந்தச் சுவருக்கு மட்டும் யாரும் மறுபூச்சு அடிக்கவில்லை.

வளர்மதி மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளி ஒன்றில் அவருக்குக் கணித ஆசிரியை வேலை உறுதியாகியிருந்தது. அவருக்காக வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றவும் பள்ளியில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள். நாற்காலி அதற்காகத்தான் வந்திருந்தது.

தாளை வாங்கிப் படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எலக்ட்ரிக் ஸ்கூட்டரா? ஹெல்மெட் போடணுமாக்கா?"

"இதுவரைக்கும் அந்தப் பேர்லதான் இருக்கு வளர்மதி. அத மாத்தலாமா வேணாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

இரண்டு மதிப்பீடுகளையும் காட்டினேன். அவர் டிக்கைப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கே உரிய முறையில், முதலில் இரண்டு தொகைகளின் வேறுபாட்டை மனத்துக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா, கம்மியா இருக்கிறத விட்டுட்டு ஏன் இத டிக் பண்ணீங்க?"

"அது ஒனக்குத் தேவையில்ல. கட்றது நானு."

"தேவையில்லன்னா என் கையெழுத்து எதுக்கு?"

தணிகாசலம் நிலைப்படியிலேயே நின்றிருந்தார்.

"சரி, ஸ்கூலுக்கு நான் எப்படிப் போவேன்னு நெனச்சீங்க?"

"அதெல்லாம் ரோசன பண்ணிக்கீறேன்." அவர் ஆர்வத்தோடு முன்னால் வந்தார். "நம்ம கார் டிக்கில அத்த மடிச்சிப் போட்டுக்கினு போறது. ஸ்கூல் காம்பவுண்டுக்கு உள்ள வண்டிய வுட்டு எறக்கறது, நீ ஏறிக்கினு போ. சாயந்திரம் மறுபடி நானே வந்து கூட்டாந்துடுவேன். தெருவுல ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"ரெண்டு தெருவுக்கு காராப்பா?"

"இருக்கட்டுமே. டெய்லி வரேன். எனக்கு வேற இன்னா வேல?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு மனிதர் தம் மீதமுள்ள காலைகளையும் மாலைகளையும் மகளுக்காக எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார். அவளை எவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவும் அதே காலைகளையும் மாலைகளையும் எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார். இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

வளர்மதி மெதுவாகக் கேட்டார்.

"குமரன் கல்யாணத்துக்கு நான் வரலாமாப்பா?"

"இன்னா பேச்சு இது. நீ இல்லாமலா?"

"வந்தா, எதுல வரட்டும்?"

பின்கட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "டேங்க் ரொம்பியிருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் அங்கே போனார். மோட்டார் நின்றது. அவர் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் வளர்மதி.

"எனக்கும் தெரியல. ரெண்டு பக்கமும் நஷ்டம் இருக்கு வளர்மதி. அந்தச் சம்பந்தம் இதனாலயே நின்னு போனாலும் போகலாம்."

"தெரியும்க்கா. ஆனா ஒரு நஷ்டத்துல நான் வாசலத் தாண்டுவேன்ல?"

பேனாவை வாங்கினார். பெயரைத் திருத்தும் மனுவில், பொருளின் விவரம் என்ற இடத்தில் தாமே 'மின் சக்கர நாற்காலி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பி.எட். தேர்வுக்குத் தரைத்தள அறை கேட்பதற்காக முன்பே எடுத்திருந்த மாற்றுத்திறனாளி அட்டையின் நகலைத் தந்தார். பிறகு தம்பிக்குத் தொலைபேசியில் பேசி உண்மையான பில்லை அனுப்பச் சொன்னார். எதிர்முனையில் குமரன், "அப்பா சொன்னாருன்னுதான்க்கா அப்படிப் போட்டேன், ஸாரி," என்று சொன்னது எனக்கும் கேட்டது. "ஸாரி இருக்கட்டும்டா, பில்ல அனுப்பு," என்று இவர் வைத்துவிட்டார்.

மீனம்பாக்கத்தில்

பெட்டியைத் திறந்து பார்க்கும் நாளில் நானும் சாரும் மீனம்பாக்கத்துச் சரக்கு முனையத்துக்குப் புறப்பட்டோம். கீழே தணிகாசலம் தேய்த்த வெள்ளைச் சட்டையில் காரருகே நின்றிருந்தார். நாங்கள் அவரை அழைக்கவில்லை.

"ஏறு பாய்," என்றார்.

முனையத்தில் கூரைக்குக் கீழே வெப்பம் தேங்கியிருந்தது. அட்டையும் டீசலும் கலந்த வாடை. சுமைதூக்குவோர் கட்டுப்பட்டைகளை அறுத்தார்கள். உள்ளே வெள்ளை நுரைப் பொதிக்குள்ளிருந்து கறுப்பு நிற நாற்காலி வெளிப்பட்டது. இருக்கையின்மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பரிசோதனைக்கு வந்த அதிகாரி என் வயதுடைய பெண். இரண்டு பெயர்களையும் இரண்டு பில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல ஸ்கூட்டர்னு சொன்னது யாரு?"

சார் பதில் சொல்ல முற்பட்டார். தணிகாசலம் அவரை முந்தினார்.

"நாந்தாம்மா. எம்மவன் மேல தப்பில்ல, நா சொல்லித்தான் எழுதினான்."

"எதுக்கு சார்? ஸ்கூட்டருக்குத்தான் டூட்டி ஜாஸ்தி. வரிய மிச்சம் பண்ணவும் இது உதவாதே?"

அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். ஏமாற்றுகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர். ஏமாற்றி அதிகம் கட்ட வந்தவரைப் பார்த்திருக்க மாட்டார்.

தணிகாசலம் நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த நுரைத் துணுக்குகளைத் தட்டிவிட்டார்.

"எம் பொண்ணுக்குக் காலு வராதும்மா. வெளிய தெரிய வாணாம்னு பாத்தேன்." பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னார்: "வீல்சேரு. வீல்சேருன்னே எழுதிக்கோ."

சுற்றிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுமைதூக்குவோர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

முதலில் தவறாகச் சொன்னதற்கு ஒரு சிறு அபராதம் விதித்தார்கள். வரியோடு அதையும் கிடங்கு வாடகையையும் சேர்த்துங்கூட, தணிகாசலம் டிக் போட்ட தொகையின் பக்கத்தில் வரவில்லை. உண்மை விலைக்கு, உண்மைப் பெயரில் போட்ட வரி அவ்வளவுதான்.

இலை போடாத மதியம்

நாற்காலி பள்ளி திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் மாலையில், வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, "மிஸ், ரிவர்ஸ் இருக்கா?" "மிஸ், ஹார்ன் அடிங்க மிஸ்!" என்று கூவினார்கள். சந்துமுனையில் இஸ்திரி போடும் அம்மா வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"இப்பத்தான் வாங்கினியா ஓனரே? பாவம் அது, எத்தினி வருசமா செவுத்தப் புடிச்சிக்கினு கீது. அப்பவே வாங்கித் தந்திருக்கலாம்ல?"

தணிகாசலம் விழித்தார். தெருவுக்கு முன்பே தெரியும். அவர் ஒருவர்தான் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் முடித்தால் இது மகிழ்ச்சியான கதையாகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கோவிலம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் சொன்ன நாளில் வந்தார்கள். வளர்மதி நாற்காலியில் வந்து வாசலிலேயே அவர்களை வரவேற்றார். தணிகாசலம் காய்ச்சலைப் பற்றியும் மருத்துவர் சொன்னதைப் பற்றியும் தாமாகவே சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காப்பி குடித்தார்கள். இலை போடப் போனபோது, "இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம்," என்று எழுந்துகொண்டார்கள். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

மறுநாள் தணிகாசலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். "கை நனைக்கல பாய்," என்றார். சார் அன்று வாடகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழே ஆளனுப்பித் தேநீர் வரவழைத்தார். காரணம் நாற்காலிதானா, வேறேதாவதா என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வளர்மதியின்மேல் அவர் பழிசொல்லி நான் கேட்டதில்லை.

குமரனுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஓர் அக்கா இருக்கிறார் என்பதை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தணிகாசலம் சொல்லிவிடுகிறார். சிலர் அதற்குப் பிறகு அழைப்பதில்லை. சிலர் அழைக்கிறார்கள். வளர்மதி தினமும் காலையில் தெரு வழியாகவே பள்ளிக்குப் போகிறார். கார் கொட்டகையில் நிற்கிறது.

எங்கள் அலுவலகத்திலும் ஒன்று மாறியது. முன்பெல்லாம் பணம் கட்ட வருகிறவர் எவரோ, தந்தையோ கணவரோ அண்ணனோ, அவர் கையில் மதிப்பீட்டைக் கொடுத்துவிடுவோம். இப்போது பெட்டி யார் பெயருக்கு வந்திருக்கிறதோ, அவரோடு பேசிய பிறகே கொடுக்கிறோம்.